சிங்கப்பூர் ஈசூன் வீட்டார் குழு: பிரேக் பேட்டுக்கு 740 வெள்ளியா (டாலரா)?

வியாழன் இரவு

செந்தில் (8:41): எல்லோரும் இதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மலாக்காவுக்கு என் காடி (கார்) வருமா என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று நாளாக பிரேக் மிதித்தால் கீச்சென்று சத்தம். இன்று மதியம் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், 740 வெள்ளி ஆகுமாம்.

மாலா அத்தை (8:42): என்னது

மாலா அத்தை (8:42): பரிசத்துக்கு முழுதாக மூன்று நாள்கூட இல்லை

கவிதா (8:43): 740??? பிரேக் பேட்தானே அண்ணா

பிரவீன் (8:43): அத்தான், என் பரிசத்துக்கு ஆப்பு வைத்துவிடாதீர்கள்

செந்தில் (8:46): சொன்ன கணக்கு இது. முன் பேட் 180, பின் பேட் 160, முன் டிஸ்க் இரண்டும் சேர்த்து 280, பிரேக் ஆயில் 60, கூலி 60.

குமார் மாமா (8:47): ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா

செந்தில் (8:48): சேர்க்காமல் மாமா

குமார் மாமா (8:50): அப்படியென்றால் 806.60

கவிதா (8:51): சேகர் சித்தப்பா ஐந்து நிமிடமாக டைப் செய்துகொண்டிருக்கிறார். எல்லோரும் போய் டீ போட்டுக்கொண்டு வாருங்கள்

சேகர் சித்தப்பா (8:57): செந்தில், அவசரப்பட்டு சரி என்று சொல்லிவிடாதே. 31 வருடம் பஸ் டிப்போவில் பிரேக்கோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், இந்த 740ல் பேட் காசு பாதிகூட இல்லை, மற்றதெல்லாம் கூடவே ஏறிக்கொண்டது. முதலில் சத்தத்துக்கு வருவோம். பேட்டில் ஒரு சின்ன இரும்புத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசிக் கத்தும், கத்தட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆகவே கீச் என்றால் எச்சரிக்கை, மாற்ற இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கரகர என்று அரைத்தால் பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது, அப்போது காடியை அசைக்கவே கூடாது. மழைக்கு மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் சத்தம் வந்தால் அது டிஸ்க்கில் படிந்த துரு, தானாகப் போய்விடும். உன்னுடையது எது?

செந்தில் (8:59): கீச்தான் சித்தப்பா. கார்பார்க்கில் 5ஏ மாடியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும்போது தரை வரைக்கும் கத்திக்கொண்டே வருகிறது. நேற்று கீழே படுத்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது.

பிரேமா (9:00): பக்கத்து பிளாக் ஆன்ட்டி என்னிடம் கேட்டே விட்டார்

மாலா அத்தை (9:01): பாட்டி கேட்கிறார், தட்டெல்லாம் எதில் வரும்? 11 தட்டு. போதாக்குறைக்கு வாழைக்குலை வேறு

மாலா அத்தை (9:01): சேகரு, பாட்டியின் வெள்ளி விளக்கு உன் வீட்டில்தானே இருக்கிறது

சேகர் சித்தப்பா (9:06): செந்தில், அவர்கள் பேட்டை அளந்து காட்டினார்களா, இல்லை வாயால் சொன்னார்களா? புதுப் பேட் 10, 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

செந்தில் (9:07): எங்கே அளந்தார்கள். டயரைக் கழற்றவே இல்லை. ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார், "ஃபினிஷ் லா" என்றார், அவ்வளவுதான்.

சேகர் சித்தப்பா (9:08): பார்த்தாயா

சேகர் சித்தப்பா (9:08): கீழே போ. ஃபோன் லைட்டைப் போட்டு ரிம் இடுக்கு வழியாக ஒரு படம் எடுத்து அனுப்பு. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டும்.

பிரேமா (9:15): சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நன்றி சித்தப்பா

குமார் மாமா (9:16): சிஓஇ (காடி வைத்திருக்கும் உரிமம்) எப்போது முடிகிறது

பிரேமா (9:17): எட்டு மாதம் இருக்கிறது மாமா. நீட்டிப்பதா ஸ்கிராப்பா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை

மாலா அத்தை (9:18): எட்டு மாதத்துக்கு 740 வெள்ளியா

சேகர் சித்தப்பா (9:19): அக்கா, பிரேக்குக்கு சிஓஇ எல்லாம் தெரியாது. நாளைக்கே ஸ்கிராப் என்றாலும் இன்றைக்கு நிற்க வேண்டும் அல்லவா?

மாலா அத்தை (9:19): நிற்பதைப் பற்றி நீ பேசாதே. 2016ல் மூவார் பக்கம் நடுரோட்டில் நின்றோமே

கவிதா (9:20): ஆரம்பித்துவிட்டது

சேகர் சித்தப்பா (9:21): அது ரேடியேட்டர். பிரேக் இல்லை. நடுரோடும் இல்லை, ஓரம்.

மாலா அத்தை (9:21): பாட்டி மூன்று மணி நேரம் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நானே பார்த்துவிட்டேன், ஒர்க்‌ஷாப் எதற்கு என்று முதல் நாள் சொன்னது யார்

பிரவீன் (9:22): அது செம்பனை மரம் அம்மா

செந்தில் (9:31): (படம்)

செந்தில் (9:31): (படம்)

செந்தில் (9:32): முதல் படம் முன் இடது, அடுத்தது பின் இடது. ரிம்மில் விரலை வைத்தால் கண்மை மாதிரி கறுப்பாக ஒட்டுகிறது.

சேகர் சித்தப்பா (9:41): அந்தக் கறுப்பு பேட் தேய்ந்த தூள், எல்லாக் காடியிலும் இருக்கும், பயப்படாதே. முன் பேட்டில் 2 மில்லிமீட்டர்தான் தெரிகிறது, அது நிச்சயம் போய்விட்டது. பின் பேட்டைப் பார், பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது, எதற்கு 160? பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறார் இல்லையா, காடியின் எடையும் அப்படித்தான் முன்னால் போய் இறங்கும், அதனால் முன் பேட் முதலில் தேய்வது வழக்கம். ஆனால் மாற்றும்போது இடது வலது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் காடி ஒரு பக்கமாக இழுக்கும். உள்பக்கப் பேட் இந்தப் படத்தில் தெரியாது, சில சமயம் அது வெளிப்பக்கத்தைவிட மோசமாக இருக்கும், டயரைக் கழற்றினால்தான் தெரியும். அப்புறம் டிஸ்க். பிரேக் மிதிக்கும்போது காலில் துடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா?

செந்தில் (9:42): இரண்டும் இல்லை

சேகர் சித்தப்பா (9:45): அப்படியானால் டிஸ்க்கை மாற்றும் முன் அளக்கச் சொல். எவ்வளவு கனம் வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் இருந்து ஆழமான கோடும் இல்லையென்றால் எட்டு மாதம் தாராளமாக ஓடும். நீ கொடுக்க வேண்டியது முன் பேட் 180, கூலி 60. ஆயில் மாற்றி எவ்வளவு நாளாகிறது?

செந்தில் (9:46): தெரியவில்லை சித்தப்பா. இன்ஸ்பெக்‌ஷன் நாலு மாதத்துக்கு முன்னால் பாஸ்

சேகர் சித்தப்பா (9:47): பாஸ் என்றால் அன்றைக்கு பிரேக் பிடித்தது என்று அர்த்தம், பேட் எத்தனை மாதம் வரும் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை

பிரவீன் (9:49): பாலம் தாண்டி மலேசியாவில், ஜொகூரில் போட்டால் இதில் பாதிதான் ஆகும். என் ஃபிரண்ட் எப்போதும் அங்கேதான்

கவிதா (9:50): நாளை பாலத்தில் நிற்கப்போகும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசு

சேகர் சித்தப்பா (9:51): அங்கே நல்ல மெக்கானிக் இருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபின் மறுபடி கத்தினால் மறுபடியும் பாலம் தாண்ட வேண்டும். இரண்டு நாளில் இதெல்லாம் வேண்டாம்.

குமார் மாமா (9:52): எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் வேண்டும், மறக்காதே

கவிதா (9:52): அண்ணா, மலேசியாவுக்குள் நுழையும் அனுமதி, விஇபி டேக் ஒட்டியாகிவிட்டதா? இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம்

செந்தில் (9:53): போன வருடமே ஒட்டிவிட்டேன். பிரேக்கைப் பற்றி மட்டும் பேசுங்களேன்

மாலா அத்தை (9:55): (படம்)

மாலா அத்தை (9:55): இந்தப் புடவை பரவாயில்லையா, பச்சையா மாம்பழ நிறமா

பிரேமா (9:55): பச்சை அத்தை

கவிதா (9:56): மாம்பழ நிறம்

குமார் மாமா (9:57): 👍

மாலா அத்தை (9:58): எதற்கு 👍

மாலா அத்தை (10:02): வேன்காரர் 900 கேட்கிறார். 100 அட்வான்ஸ், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. இன்று ராத்திரிக்குள் சொல்ல வேண்டும். கொடுக்கவா வேண்டாமா

செந்தில் (10:03): கொஞ்சம் பொறுங்கள் அத்தை

சேகர் சித்தப்பா (10:03): வேன் எதற்கு? 240ல் முடிகிற வேலைக்கு 900ஆ?

மாலா அத்தை (10:04): மூவாரில் 0 வெள்ளி என்றுதான் நீ சொன்னாய்

பிரவீன் (10:05): வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப், 900 வெள்ளி வேன், பாட்டியின் வெள்ளி விளக்கு. இந்தக் குழுவில் எந்த வெள்ளியைப் பேசுகிறீர்கள் என்றே புரியவில்லை

மாலா அத்தை (10:05): ஆமாம் விளக்கு! சேகரு, எங்கே

கவிதா (10:09): சித்தப்பா ஆஃப்லைன்

பிரேமா (10:10): புத்திசாலி

மாலா அத்தை (10:14): (குரல் பதிவு 2:36)

கவிதா (10:18): முழுதாகக் கேட்டேன். சுருக்கம்: அந்த விளக்கு தாத்தா அத்தைக்கென்று சொன்னது, தீமிதிக்கு என்று வாங்கிப்போனது திரும்பி வரவில்லை, பாட்டிக்கு எல்லாம் தெரியும். கடைசி பத்து விநாடி பாட்டி பேசுகிறார்: "காடியைப் பார்த்து ஓட்டச் சொல்."

வெள்ளி

குமார் மாமா (6:02): (படம்) இனிய காலை வணக்கம் 🌹

செந்தில் (9:20): சின் மிங்கில் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் செய்தேன். முன் பேட் கூலியோடு 210. டிஸ்க்கை என் கண்முன்னால் அளந்து காட்டுகிறேன் என்கிறார் அங்கிள். சாயங்காலம் 5 மணிக்கு வரச் சொன்னார்.

குமார் மாமா (9:22): 228.90

சேகர் சித்தப்பா (9:24): நல்லது. பழைய பேட்டை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள். பேட்டை அழுத்தும் கேலிப்பரின் கம்பி (பின்) சுலபமாக நகர்கிறதா என்று பார்த்து கிரீஸ் போடச் சொல், அது இறுகிப்போனால் புதுப் பேட்டும் ஒரு பக்கமாகத் தேயும். முடித்ததும் ஓட்டுவதற்கு முன் நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை மிதித்து கெட்டியாகிறதா என்று பார், முதல் மிதி தரை வரைக்கும் போகும். புதுப் பேட் டிஸ்க்கில் படியவும் வேண்டும், இன்றும் நாளையும் ஊருக்குள் மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டு. சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் நெடுஞ்சாலையில் ஏறும் கதை வேண்டாம். நானும் 5 மணிக்கு வருகிறேன்.

பிரேமா (9:25): ஐயோ

பிரேமா (9:25): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில் (9:26): வாருங்கள் சித்தப்பா. ஆனால் அங்கிளை வேலை செய்ய விடுங்கள்

பிரவீன் (9:28): அப்படியென்றால் வேன் வேண்டாமா

மாலா அத்தை (9:30): நேற்றே 100 கொடுத்துவிட்டேன்

செந்தில் (9:30): அத்தை!

மாலா அத்தை (9:31): தட்டு வேனில் வரட்டும். பாட்டியும் வேனில். யார் காடியில் வருவது என்று நாளை பேசலாம்

சேகர் சித்தப்பா (9:38): பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் சூடு குறையும், நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நிறம் கறுத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து

மாலா அத்தை (9:38): விளக்கு