'ஆட்ஸ்': நிகழ்விகிதம் என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்று நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்போடு ஒப்பிடும் 'ஆட்ஸ்' (odds) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை சாதக விகிதம், வாய்ப்பு விகிதம், சார்தகவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சாதகம் என்றால் நடப்பது நன்மை என்ற சாயல் வந்துவிடும். நோய் தொற்றும் கணக்கில் அது பொருந்துமா? வாய்ப்பு என்று நிகழ்தகவையே பலர் சொல்கிறார்கள். சார்தகவைப் பார்த்ததும் பிள்ளைகள் சார்புநிலை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்று நடக்கும் நிகழ்தகவு) என்றுதான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை நிகழ்விகிதம். நிகழ்வதற்கும் நிகழாததற்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் நிகழா விகிதம்.

பையில் 3 சிவப்புப் பந்து, 5 நீலப் பந்து. சிவப்பு வரும் நிகழ்தகவு என்ன என்று கேட்டால் 3/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. தவறு என்று சுழித்துவிட்டு 3/8 என்று எழுதிப் போடுகிறோம். ஆனால் அந்த 3/5 வெறும் பிழையல்ல, வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அந்தக் கேள்விக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால்தான் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியவில்லை. பெயர் இருந்தால், "நீ எழுதியது நிகழ்விகிதம், நான் கேட்டது நிகழ்தகவு" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்புறம் 3/8 ÷ 5/8 = 3/5 என்று போட்டுக் காட்டினால், பின்னத்தைப் பின்னத்தால் எதற்கு வகுக்கிறோம் என்பதும் விளங்கும்.

வடிவியலிலும் இது அழகாக வருகிறது. 14 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் நான்கு பக்கத்தையும் தொடும் வட்டம். சதுரத்தின் பரப்பு 196. π-க்கு 22/7 வைத்தால் வட்டம் 154, மிச்சம் 42. சதுரத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளி வைத்தால் அது வட்டத்தில் விழும் நிகழ்விகிதம் 154 : 42, அதாவது 11 : 3. நிகழ்தகவு 11/14. பகுதியிலுள்ள 14, 11-ஐயும் 3-ஐயும் கூட்டி வந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

வரலாற்றிலும் இந்தப் பார்வைக்கு இடமுண்டு. 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதத்தில் அலசியது, பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான். ஆளுக்கு 32 பிஸ்டோல் (அக்காலப் பொற்காசு) பணயம், மூன்று சுற்று முதலில் வெல்பவருக்கு எல்லாம். ஒருவர் 2, மற்றவர் 1 சுற்று வென்ற நிலையில் நிறுத்தினால் 48-ம் 16-ம். விடை 3 : 1 என்ற பங்காகவே வருகிறது.

கலைச்சொல் என்றால் அதிலிருந்து கிளைச்சொல்லும் பிறக்க வேண்டும். இரண்டு குழுக்களின் நிகழ்விகிதங்களை வகுத்தால் 'நிகழ்விகித ஈவு'. மடக்கை எடுத்தால் 'நிகழ்விகித மடக்கை'. இரண்டும் நாக்கில் இடறவில்லை.

நிகழ்வு வீதத்தோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வீதம் குறிப்பிட்ட காலத்தில் எத்தனை என்று சொல்வது, விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. இந்த வேறுபாட்டை நாம் எழுதும்போது கறாராகக் காப்பாற்ற வேண்டும். அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை.

முக்கோணம், முக்கோணி என்று தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பாடநூல் சொற்கள் பிரிந்து கிடந்தாலும் நிகழ்தகவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் அதையொட்டிய சொல்லையும் சேர்ந்தே முடிவு செய்வோம். இலங்கை ஆசிரியர்கள் வகுப்பில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். அது இதைவிடத் தெளிவாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.