கான்சஸில் இறந்த படைவீரரின் பெற்றோர் யார்? தேடும் வழி வேண்டும்

கேள்வி

வணக்கம். என் கணவர் அமெரிக்கர். என் மாமியாரின் கொள்ளுத் தாத்தா 1842 வாக்கில் பென்சில்வேனியாவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் ஒஹாயோ காலாட்படையில் இருந்துவிட்டு, பிறகு கான்சஸில் நிலம் வாங்கிப் பயிர் செய்து 1904-இல் காலமானார் என்பது வரை குடும்பத்தில் தெரியும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரையும் மனைவியையும் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு முன்னால் போக முடியவில்லை. மிகச் சாதாரணமான பெயர் என்பதால், அதே பெயரும் வயதும் உள்ளவர்கள் கவுண்டிதோறும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) இருக்கிறார்கள். இணையத்திலுள்ள குடும்ப மரங்களோ ஒன்றுக்கொன்று முரணான பெற்றோரைக் காட்டுகின்றன. எதிலும் சான்று இல்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது, அவர் காலத்திலேயே சரியான விடையைச் சொல்லிவிட விரும்புகிறேன். 1890 கணக்கெடுப்பு ஏன் எங்கும் கிடைப்பதில்லை?

முதல் மறுமொழி

1921-இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் 1890 ஏடுகளில் பெரும்பகுதி பாழாகி, எஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டன. 1890-இல் படைவீரர்களுக்கென எடுத்த தனிப் பட்டியலில் கென்டக்கி முதல் வயோமிங் வரையிலான மாநிலங்களே பெரும்பாலும் தப்பின. ஆங்கில அகர வரிசையில் கென்டக்கிக்கு முன்னால் வரும் கான்சஸ் அதில் அநேகமாக இல்லை. ஆனால் கான்சஸ் மாநிலம் 1885, 1895 ஆகிய ஆண்டுகளில் தானே கணக்கெடுத்திருக்கிறது. 1885 ஏட்டில் குடும்பம் எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்பதோடு, படைவீரராயின் அவருடைய படைப்பிரிவும் எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயருடைய பலரில் உங்களவரைப் பிரித்தறிய அந்தப் படைப்பிரிவு எண்தான் முதல் பிடி.

இரண்டாம் மறுமொழி

சகோதரி, படைப்பிரிவு தெரிந்தவுடன் அவரை விட்டுவிட்டு அவருடைய மனைவியைத் தேடுங்கள் என்பேன். 1890 சட்டத்தின்படி, தொண்ணூறு நாள் பணிபுரிந்து, உடலுழைப்புக்கு இயலாமல் போன வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. அதைப் பெற, விதவை தன் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தக் கோப்புகளில் திருமணச் சான்று, அண்டை வீட்டாரும் உடன்பிறந்தோரும் அளித்த பிரமாணப் பத்திரங்கள், சில சமயம் பிறந்த நாள்கள் எழுதிய குடும்ப விவிலியத்தின் கிழித்தெடுத்த தாள்கூட இருக்கும். 1898-இல் ஓய்வூதிய அலுவலகம் வீரர்களுக்கு அனுப்பிய படிவத்தில், எங்கே, எப்போது, யார் முன்னிலையில் மணம் முடித்தீர்கள், முன்பே மணமானவரா, பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம் கேட்டு, பதிலை அவர்களிடமே எழுதி வாங்கினார்கள். உங்களவர் அப்போது உயிருடன் இருந்திருப்பதால், ஓய்வூதியம் பெற்றிருந்தால் அந்தப் படிவம் கோப்பில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஓய்வூதிய அட்டை அகரவரிசையை ஃபேமிலிசர்ச் என்னும் குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அட்டையில் உள்ள விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். ஒரு சில பக்கங்களோடு நிறைவடைய வேண்டாம், ஏனெனில் சாட்சிகளின் வாக்குமூலங்களில்தான் உறவுமுறைகள் வெளிப்படும். நிலத்தை, குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் வழங்கிய 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி பெற்றிருந்தால், அந்தக் கோப்பையும் அங்கேயே பெறலாம்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். பெற்றோரைக் காண 1850 கணக்கெடுப்புதான் வாயில். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. ஆயினும் எச்சரிக்கை வேண்டும்: வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பது 1880 முதல்தான் பதிவாயிற்று. 1850-இல் எட்டு வயதுச் சிறுவன் ஒரு வீட்டில் இருந்தால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். அனாதையாக வந்த உறவுக்காரப் பையனாகவும் இருக்கலாம். பென்சில்வேனியாவில் அக்காலத்துப் பிறப்புப் பதிவேடு அநேகமாக இல்லை என்பதால் தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள், கவுண்டி நீதிமன்ற உயில்கள், நிலப் பத்திரங்கள் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். தந்தையின் உயிலில் 'கான்சஸில் வசிக்கும் என் மகன்' என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் முரண்பட்ட மரங்களில் எது சரி என்பது தீர்ந்துவிடும். ஒஹாயோவில் அவரோடு ஒரே படைப்பிரிவில் சேர்ந்து, பின்னர் கான்சஸில் அருகருகே நிலம் எடுத்தவர்கள் யாரேனும் உண்டா என்று பாருங்கள். அவர்களுடைய சொந்த ஊர் பென்சில்வேனியாவில் எந்தக் கவுண்டியோ, முதலில் அங்கே தேடுங்கள்.