அம்மாவைக் கவனிப்பது ஊழியம் என்றால், அது எனக்கு மட்டுமா?

கேள்வி:
எனக்கு 22 வயது, தூத்துக்குடிப் பக்கம். டிசம்பரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சமையல், துணி, அம்மாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் என் தலையில்தான். அண்ணனும் தம்பியும் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டார்கள். முன்பு காலை 5 மணிக்கு எழுந்து ஜெபிப்பேன், இப்போது வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனம் தாண்டுவதற்குள் கண் சொருகுகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவி, குழம்பு வைத்துவிட்டு ஓடினால் பிரசங்கம் பாதி முடிந்திருக்கிறது, கையில் வாடை போகாமல் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால், "தாயைக் கவனிப்பதும் ஊழியம்தானேம்மா" என்கிறார். சரிதான், ஆனால் அந்த ஊழியம் அண்ணன் தம்பிக்குக் கிடையாதா? இப்படிக் கோபம் வருவதே பாவமோ என்று ராத்திரி அழுகிறேன்.

பதில்:
தங்கச்சி, அந்த மீன் வாடைக்காகக் கூச்சப்படாதே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, ராத்திரி முழுவதும் வலை போட்டுக் களைத்து வந்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாரே, யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரத்தில். என் மாமியார் படுக்கையில் இருந்த இரண்டு வருஷம் நானும் அரிசி களையும்போதுதான் ஜெபித்தேன்.

பதில்:
அக்கா சொல்வது ஆறுதல்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு முதலில் தூக்கம் வேண்டும். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தூதன் உடனே ஜெபிக்கச் சொல்லவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான். அப்புறம், சிலுவையில் இயேசு தம் தாயை ஒப்படைத்தது ஒரு ஆண் சீஷனிடம். அவன் அந்நேரமுதல் அந்தத் தாயைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் 19இல் இருக்கிறது. அதை உங்கள் அப்பா முன்னாலேயே அண்ணனிடம் வாசிக்கக் கொடும்மா. கோபம் பாவமில்லை, நீ கேட்பது நியாயம்.

கேள்வி கேட்டவர்:
குடும்ப ஜெபத்தில் யோவான் 19ஐ அண்ணனையே வாசிக்கச் சொன்னேன். 'தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்' என்கிற 27ஆம் வசனம் வந்ததும் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். யாரும் எதுவும் பேசவில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட என்னால்தான் முடியும், துணியும் மீனும் அவர்களால் முடியும் என்று அதற்கப்புறம்தான் சொன்னேன். இன்று காலை வெந்நீர் வைத்தது அண்ணன். தம்பி இன்னும் அசையவில்லை. நான் 6 மணி வரை தூங்கினேன்.