டாக்காவில் ஊரடங்கு: கிளம்புவதா, இருப்பதா? உடனே பதில் தேவை

புதுசு_டாக்கா (ஆகஸ்ட் 4, 2024, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். டாக்கா வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மத்தியானத்தில் இருந்து மொபைல் நெட் இல்லை. வீட்டு பிராட்பேண்டில் விபிஎன் போட்டு எழுதுகிறேன், இதுவும் எந்த நேரம் போகுமோ தெரியாது. மாலை ஆறு மணியில் இருந்து காலவரையற்ற ஊரடங்கு. இன்று ஒரு நாளில் நாடு முழுக்கத் தொண்ணூறு பேருக்கு மேல் செத்துவிட்டதாகச் செய்தி. அரசை எதிர்த்துப் போராடுகிற மாணவர்கள் ஆறாம் தேதி நடத்த இருந்த டாக்கா பேரணியை நாளைக்கே மாற்றிவிட்டார்களாம். கம்பெனியில் கேட்டால் “வீட்டிலேயே இருங்கள்” என்பதோடு சரி. ஊரில் இருந்து அம்மா போனில் அழுகிறார். கிளம்பிவிடலாமா, இருக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்காட்டான் (இரவு 9.52)

தம்பி, பதறாதீர்கள். வெளிநாடு போன முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் இப்படித்தான். 2009இல் நான் ஷார்ஜாவில் இறங்கியபோது ஒரே அறையில் ஒன்பது பேர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து கட்டில் கால்களைத் தண்ணீர் டப்பாவுக்குள் வைத்துப் படுத்தோம். இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. அதெல்லாம் கடந்துபோகும். முதலில் ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கை என்ஆர்ஐ கணக்காக மாற்றிவிடுங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

மூன்றாம்_ஆண்டு (இரவு 9.58)

அண்ணா, அவர் ஊரடங்கில் உட்கார்ந்திருக்கிறார். வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் கொமில்லா பக்கம் எம்பிபிஎஸ் படிக்கிறேன், ஜூலையில் ஊருக்கு வந்துவிட்டேன். 18ஆம் தேதி ராத்திரி மொத்த நாட்டுக்கும் நெட் போனது. விடுதியில் பருப்பும் முட்டையும் மட்டும். ஒரு வேனில் பதினோரு பேர் ஏறி, அகௌரா எல்லை தாண்டி, திரிபுராவில் இருக்கிற அகர்தலா வந்தோம். அங்கே சிம் வாங்கி அம்மாவுக்குப் போன் போட்டால், “யார் பேசுறது?” என்று கேட்கிறார். மூன்று நாள் அழுததில், எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அவர் குரல் மாறிப்போயிருந்தது. சென்னை வந்து சேர அயலகத் தமிழர் நலத்துறையில் உதவினார்கள். யோசிக்காமல் கிளம்புங்கள். அகௌரா வழிதான் சுலபம்.

பனியன்பட்டி (இரவு 10.10)

பாப்பா, கொமில்லாவில் இருந்து அகௌரா பக்கம், உங்களுக்குச் சுலபம். டாக்காவில் இருந்து நாலு மணி நேரமாவது ஆகும். ஊரடங்கும் பேரணியும் சேர்ந்திருக்கிற நாளில் அந்த நெடுஞ்சாலையில் ஒருவரை ஏறச் சொல்வது சரியான யோசனை இல்லை.

நான் திருப்பூர். டாக்காவில் உத்தரா ஏரியாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆடை வாங்கித் தருகிற பையிங் ஹவுஸ் வேலை. புதுசு தம்பி, எந்த ஏரியா என்று சொல்லவில்லை. தனியாகவா, குடும்பத்தோடா? என்ன விசா? பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? அப்புறம் சிரிக்க வேண்டாம், கரண்ட் மீட்டரில் எவ்வளவு பணம் இருக்கிறது?

மீட்டரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பெரும்பாலும் ப்ரீபெய்டு மீட்டர். ஜூலையில் நெட் போனதும், போனில் பணம் கட்டுகிற பிகாஷ் போனது, ரீசார்ஜும் போனது. என் மீட்டரில் 60 டாக்கா (இந்த நாட்டுப் பணம்). ஊரடங்கு தளர்த்திய இரண்டு மணி நேரத்தில் மின்சார அலுவலகத்துக்கு ஓடினால், வரிசை தெரு முனை தாண்டி நிற்கிறது. எனக்கு முன்னால் நின்ற அம்மா மீட்டர் அட்டையைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது, கரண்ட் போனால் வீணாகிவிடும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி முன்னேறினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, எல்லோரும் வழிவிட்டார்கள். என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அன்று ராத்திரி ஃபேன் இல்லை.

கொழும்பு13 (இரவு 10.25)

தம்பி, 2022இல் நான் கொழும்பில் இருந்தனான். பெட்ரோல் செட்டில் மூன்று நாள் கியூ, வாகனத்துக்குள்ளேயே நித்திரை. சமையல் காஸ் இல்லாமல் மாடிவீட்டுச் சனம் பால்கனியில் விறகு மூட்டியது. ஜூலை 9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்கு ஓடி, பிறகு சிங்கப்பூரில் இருந்து ராஜினாமா அனுப்பினார்.

ஆனால் எங்களுக்கு நடந்ததை வைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல வாய் வரவில்லை. உங்கட பக்கம் ஒரே நாளில் இத்தனை உயிர் போயிருக்கிறது. காசைக் கையில் எடுத்து வையுங்கோ, தண்ணீர் பிடித்து வையுங்கோ.

திண்ணைப்பேச்சு (இரவு 10.31)

இட ஒதுக்கீடு வேண்டாம் என்று போராடுகிற கூட்டம் அது. தமிழர்களே இதற்குக் கைதட்டினால் எப்படி? மாணவர்கள் படிக்கிற வேலையைப் பார்த்திருந்தால் இத்தனை சாவு இல்லை.

மூன்றாம்_ஆண்டு (இரவு 10.44)

நம்மூர்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அப்படித்தான் தெரியும். அங்கே அரசு வேலையில் 30 சதவீதம் 1971 விடுதலைப் போராட்ட வீரர்களின் குடும்பத்துக்கு, பேரப்பிள்ளைகள் வரைக்கும். எல்லா ஒதுக்கீடும் சேர்த்து 56 சதவீதம். 2018இல் போராட்டத்துக்குப் பணிந்து நீக்கியதை, இந்த ஜூனில் உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. அந்த 30 ஆளுங்கட்சிக்காரர்களுக்குத்தான் போகிறது என்பது மாணவர்கள் கோபம். பழங்குடிகளுக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ ஒதுக்கக் கூடாது என்று என் வகுப்பில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஜூலை 14ஆம் தேதி பிரதமர் ஹசீனா, “ரசாக்கர்களின் பேரப்பிள்ளைகளுக்கா வேலை கொடுப்பது?” என்கிற மாதிரிப் பேசினார். ரசாக்கர் என்றால் 71இல் பாகிஸ்தான் படைக்குத் துணை போனவன். அங்கே அதைவிடப் பெரிய வசவு இல்லை. அன்றைக்கே, தன் வீட்டில் பியூனாக இருந்தவர் இப்போது 400 கோடி டாக்காவுக்குச் சொந்தக்காரர், ஹெலிகாப்டரில்தான் போகிறார் என்றும் அவரே சொன்னார். ஏதோ வேடிக்கைக் கதை போல! இரண்டு நாள் கழித்து ரங்பூரில் அபு சயீத் என்கிற மாணவர் கையை விரித்து நின்றபடியே சுடப்பட்டார். 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை 7 சதவீதமாகக் குறைத்துவிட்டது. கேட்டது கிடைத்தும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை? செத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

திண்ணைப்பேச்சு (இரவு 10.50)

பதினைந்து லட்சம் டாக்கா ஆட்டைப் பற்றியும் சொல்லுங்கள். வரித்துறை அதிகாரி மகன் பக்ரீத்துக்கு ஆடு பார்க்கப் போய், அப்பா சொத்தெல்லாம் வெளியே வந்ததே. நம்மூர் அதிகாரிகள் பரவாயில்லை, பிள்ளைகளை ஆட்டுச் சந்தைக்கு அனுப்புவதில்லை.

புதுசு_டாக்கா (இரவு 11.20)

எல்லோருக்கும் நன்றி. உத்தரா, 11ஆம் செக்டர். மனைவியும் இரண்டு வயது மகளும் ஜூலை 8ஆம் தேதி வந்தார்கள். மீட்டரில் 210 டாக்கா. அவர்கள் பாஸ்போர்ட் வீட்டில் இருக்கிறது. என்னுடையதை விசா நீட்டிப்புக்குக் கம்பெனி ஏஜென்ட் வாங்கிப்போய் மூன்று வாரம் ஆகிறது. ரசீது எதுவும் தரவில்லை.

பனியன்பட்டி (இரவு 11.28)

கண்ணு, இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா? நாம் எல்லோரும் அகௌராவுக்கும் ஷார்ஜாவுக்கும் போய்விட்டு வந்தோம்.

நீங்கள் எனக்குப் பக்கத்து செக்டர்தான். பிராட்பேண்ட் இருக்கும்போதே மீட்டருக்கு ஆயிரம் டாக்கா போடுங்கள். குழந்தைப் பால் பவுடர், ஓஆர்எஸ், காய்ச்சல் மருந்து பாருங்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படம் போனில் இருந்தால் உங்கள் மனைவிக்கும் அனுப்பி வையுங்கள். ஏஜென்டுக்கு வாட்ஸ்அப் வேண்டாம், நேராகப் போன் போடுங்கள். ஜூலையிலும் சாதாரண அழைப்பு வேலை செய்தது. ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாஸ்போர்ட் அவர் மேஜையில் இருக்கிறதா, ஆகார்காவ் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குள் போய்விட்டதா? உள்ளே போயிருந்தால் டெலிவரி சீட்டு இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொலைந்தே போனாலும் இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்ப மட்டும் ஒரு அவசரச் சான்றிதழ் தருவார்கள். நாளைக்குப் பால்கனியில் நிற்காதீர்கள். தெருவில் இந்தி பேசாதீர்கள்.

மணல்காட்டான் (இரவு 11.40)

தூதரகத்துக்குப் போன் போட்டுப் பெயரைப் பதிய வேண்டும். அவசர எண்கள் கொடுத்து, நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லி இன்று வெளியுறவுத் துறையே அறிவித்திருக்கிறது. எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது...

திண்ணைப்பேச்சு (இரவு 11.43)

எந்த ஊரில் யார் போனை எடுத்திருக்கிறார்கள்?

மூன்றாம்_ஆண்டு (இரவு 11.47)

இந்தி பற்றி: இரண்டு வருடம் அரைகுறை வங்காளமும் இந்தியும் கலந்துதான் பேசினேன், யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ரொம்பப் பயமுறுத்த வேண்டாம்.

பனியன்பட்டி (இரவு 11.50)

உங்கள் கேம்பஸ் வேறு, நாளைக்கு இந்தத் தெரு வேறு. பயமுறுத்தவில்லை.

மூன்றாம்_ஆண்டு (ஆகஸ்ட் 5, மதியம் 12.15)

புதுசு அண்ணா, பனியன்பட்டி அண்ணா, இரண்டு பேரும் பதில் இல்லையே? பிராட்பேண்டும் போய்விட்டதா?

திண்ணைப்பேச்சு (மாலை 4.40)

டிவி போடுங்கள். ஹசீனா ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். ராணுவத் தளபதி பேசுகிறார். பிரதமர் மாளிகைக்குள் ஜனம். ஒருவன் நாற்காலி தூக்கிப் போகிறான், ஒருவன் கையில் பெரிய மீன், ஒரு பெண் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பதினைந்து வருட ஆட்சி.

கொழும்பு13 (மாலை 4.52)

எங்கட சனம் குளித்துவிட்டு வந்தது, இவர்கள் கறிக்கு மீனும் எடுத்துப் போகிறார்கள்.

மணல்காட்டான் (மாலை 5.10)

அந்தத் தம்பி எங்கே?

புதுசு_டாக்கா (இரவு 8.05)

இருக்கிறோம். காலை பத்தரை வாக்கில் நெட் போனது. மாடி வீட்டுத் தாத்தா கதவைத் தட்டி, “ஜன்னல் பக்கம் குழந்தையை விடாதே” என்று சைகையில் சொன்னார். காஜிப்பூர் பக்கத்தில் இருந்து ஏர்போர்ட் ரோட்டில் ஜனம் நடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. கோஷம் புரியவில்லை. ஒன்றரைக்கு நெட் திரும்ப வந்தது. யாரும் சொல்லாமலே ஏதோ முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அதற்கு மேல் தெரு முழுக்கக் கத்தல், அழுகை, கொடி. தாத்தா வந்து மகள் வாயில் ஒரு ரசகுல்லாவை வைத்தார். அவர் பேரன், ஜூலை 18ஆம் தேதி தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட முக்தோ என்கிற மாணவருக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருந்தானாம். “பானி லாக்பே, பானி” (தண்ணீர் வேண்டுமா, தண்ணீர்) என்று தாத்தா சொல்லிக் காட்டினார். வங்காளத்தில் எனக்கு முதலில் புரிந்த வாக்கியம் அதுதான்.

சாயங்காலத்தில் இருந்து காவல் நிலையம் பக்கம் துப்பாக்கிச் சத்தம். இன்னும் நிற்கவில்லை.

திண்ணைப்பேச்சு (இரவு 8.20)

இனி யார் வருவார்களோ. ஹசீனா இறங்கியிருப்பது நம் நாட்டில். அதன் விலையை அங்கே இருக்கிற இந்தியர்கள்தான்...

பனியன்பட்டி (ஆகஸ்ட் 7, காலை 7.30)

அரசியலை அப்புறம் பார்ப்போம். இரண்டு நாளாக இங்கே போலீஸே இல்லை. சிக்னலில் காலேஜ் பசங்கள் விசில் ஊதி ரிக்‌ஷாவை ஓரம் கட்டுகிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ராத்திரி கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று மசூதி மைக்கில் அறிவித்தால் தெருவே கம்போடு நிற்கிறது. நானும் நேற்று மூன்று மணி வரை நின்றேன். கையில் கிரிக்கெட் மட்டை. வந்தது இரண்டு நாய்.

தம்பி, ஏஜென்ட் என்ன சொன்னார்?

புதுசு_டாக்கா (காலை 9.15)

நேற்றுதான் போன் எடுத்தார். அலுவலகத்தில் கொடுக்கவே இல்லையாம் அண்ணே. மூன்று வாரமாக அவர் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. கோபப்படக்கூட முடியவில்லை, கிடைத்ததே போதும் என்றாகிவிட்டது. விசா இந்த மாதம் 29 வரை இருக்கிறது. மனைவியையும் மகளையும் கொல்கத்தா வழியாகச் சென்னைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன், விமானங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. நான் இருந்து வேலையைப் பார்ப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. கம்பெனியில் ஷிப்மென்ட் பற்றி மட்டும் மெயில் வருகிறது.

பனியன்பட்டி (காலை 9.22)

டிக்கெட் போட்டாலும் ஏர்லைன்ஸுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். அவர்கள் பகல் விமானத்தில் போகட்டும், ராத்திரி வேண்டாம். ஏஜென்ட் வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். பத்தரைக்கு உங்கள் பில்டிங் கீழே நிற்கிறேன், நீல சட்டை. எனக்குத் தெரிந்த சிஎன்ஜி ஆட்டோக்காரர் வருகிறார். பாஸ்போர்ட்டை வாங்கிய கையோடு மீட்டர் அட்டையையும் எடுத்து வாருங்கள், வழியில்தான் அந்த அலுவலகம்.