கோடை முகாம் நடத்துகிற கிளை நூலகத்தில் யார் படிப்பது?

பழுப்புப் பக்கம்
மே மாதத்துக்கென்று ஒரு வாசகர் வட்டம் அடித்த நோட்டீஸ் வாட்ஸப்பில் சுற்றுகிறது. கிளை நூலகத்தில் 20 நாள் கோடை முகாமாம். காலை 10 முதல் 1 வரை. கதை, ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம், யோகா, மேஜிக். அனுமதி இலவசம், வயது வரம்பு இல்லை, 50 பிள்ளைகள் வரை.

கிளை நூலகத்துக்குள் ஒரு முறையாவது நுழைந்தவர்கள்தான் இதை எழுதினார்களா? இருப்பது ஒரே கூடம். ஒரு நூலகர், வாய்த்தால் ஒரு உதவியாளர். வாசலோரம் நாளிதழ் மேசை, உள்ளே போட்டித் தேர்வு மேசை, மிச்சமெல்லாம் இரும்பு ரேக். 50 பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? யோகாவையும் மேஜிக்கையும் கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் மட்டுமே நடக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்றுதான், புத்தகம் எடுத்துப் போவது. நோட்டீஸில் அது மட்டும் இல்லை.

கதைக்கார அக்கா
அண்ணே, 50 பேர் அதிகம்தான், ஒத்துக்கறேன். அதுக்காக முகாமே வேண்டாம்னா எப்படி? பள்ளிக்கூடம் மூடினா அங்க இருக்கற நூலகப் பீரோவும் சேர்ந்து மூடுது. ஜூன் வரைக்கும் பல பிள்ளைங்களுக்குப் பாடப்புத்தகம் தவிர வேற புத்தகம் கிடைக்கற ஒரே இடம் கிளை நூலகம்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா போட்டிருக்கும். சொத்து வரியில 10 சதவீதம். 1,200 ரூபா வரி கட்டற வீடு நூலகத்துக்குன்னு 120 ரூபா தருது. அந்த வீட்ல பேப்பர் படிக்கற தாத்தாவும் இருக்கார், மூணாங்கிளாஸ் படிக்கற பொண்ணும் இருக்கு. நாற்காலி தாத்தாவுக்கு மட்டுமா?

குரூப்4 கனவு
தாத்தாவுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல நாங்களும் இருக்கோம்க்கா. ஒத்தை ரூம் வீட்ல இருந்து வர்றவங்களுக்கு மாதிரித் தேர்வு எழுத நூலகத்தை விட்டா வேற இடம் கிடையாது. 200 கேள்வி, 3 மணி நேரம், ஒரே உட்கார்ப்பு. நடுவுல நீங்க சிங்கம் மாதிரி கர்ஜிச்சீங்கன்னா 40 கேள்வி போச்சு.

பேரேடு
எல்லோரும் இடத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். கொஞ்சம் கடிகாரத்தையும் பார்ப்போம்.

காலை 8 முதல் 10 வரை நாளிதழ்க் கூட்டம். 10 மணிக்கு மேல் அது கரைந்துவிடும். போட்டித் தேர்வுக்காரர்கள் நாள் முழுக்க இருப்பார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு 10.30 முதல் 11.45 வரைதான் சரிப்படும். 1 மணி வரை இழுத்தால் கத்திரி வெயில் உச்சியில் நிற்கும்போது சின்னப் பிள்ளைகள் நடந்து வீடு திரும்ப வேண்டும். தினமும் வேண்டாம், வாரத்தில் 3 நாள் போதும். இடம் வராண்டா. தரையில் இரண்டு கெட்டி ஜமுக்காளம் விரித்தால் உட்காரவும் ஆயிற்று, எதிரொலியும் குறையும். கூடத்துக்குள் சிமெண்டுத் தரை, கான்கிரீட் கூரை, இரும்பு ரேக். ஒரு பிள்ளை சிரித்தால் நாலு பிள்ளை சிரித்த மாதிரி கேட்கும்.

ஒரு அமர்வுக்கு 20 பேர், கூடவே இரண்டு பெரியவர்கள். அந்த இருவரில் நூலகரைச் சேர்க்காதீர்கள். வழங்கல் மேசையை விட்டு அவர் எழுந்தால் திரும்பி வந்த நூலைப் பதிய ஆளில்லை, போகிற நூலைப் பார்க்கவும் ஆளில்லை.

வயது வரம்பு இல்லை என்று போட்டதுதான் நோட்டீஸிலேயே பெரிய தப்பு. 4 வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா சந்தைக்குப் போய்விடுவார். 7 வயதுக்கு மேல் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். வருகைப் பதிவேடு தவிரத் தனி நோட்டு ஒன்று போடுங்கள்: பெயர், வந்த நேரம், கூட்டிப் போக வருபவர் யார், அவர் கைபேசி எண், போன நேரம். போன நேரம் எழுதாத பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

பழுப்புப் பக்கம்
ஐயா, நீங்கள் எழுதியது முகாமுக்கு ஆதரவா எதிர்ப்பா என்றே புரியவில்லை. மழை வந்தாலோ வராண்டாவில் வெயில் ஏறினாலோ பிள்ளைகளை உள்ளேதானே கொண்டுவருவார்கள்? ரேக்கை நகர்த்தித் தடுப்பாக வைத்துவிடலாம் என்று அந்த நோட்டீஸ் குழுவில் ஒருவர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்.

பேரேடு
ரேக்கை நகர்த்துவதா? அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற இரும்பு ரேக், சுவரோடு கிளாம்ப் போட்டிருந்தாலோ முதுகோடு முதுகு போல்ட் போட்டு இணைத்திருந்தாலோதான் நிலையாக நிற்கும். அதைப் பிரித்து நடுக்கூடத்தில் ஒற்றையாக நிறுத்தினால், மேல்தட்டில் கனமான கலைக்களஞ்சியம் இருக்கும்போது, ஒரு பிள்ளை கீழ்த்தட்டைப் படிக்கட்டாக நினைத்து ஏறினாலே முன்பக்கம் சாயும். பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள், ஏனென்றால் படக்கதைகளைப் பெரும்பாலும் கை எட்டாத தட்டில்தான் வைத்திருக்கிறோம். முகாமுக்கு முந்தின வாரமே சிறுவர் நூல்களைக் கீழ் இரண்டு தட்டுக்கு இறக்கி, கனமானவற்றை அடித்தட்டில் வையுங்கள். தடுப்புத்தான் வேண்டுமென்றால் துணித் திரை போதும்.

மழை பெய்தால் அன்றைக்கு உள்ளே மௌன வாசிப்பு. கதையும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்.

கதைக்கார அக்கா
மௌன வாசிப்பு நல்ல யோசனை சார். ஓவியத்தைப் பத்தியும் சொல்லிடறேன். வாட்டர் கலர், ஸ்கெட்ச் பேனா ரெண்டும் நூலகத்துக்கு ஆகாது. தண்ணி டம்ளர் ஒரு தடவை கவிழ்ந்தா ஒரு தட்டுப் புத்தகம் அலை அலையா உப்பிடும். மெழுகுக் கிரையானும் பென்சிலும் போதும்.

காகித மடிப்புக்கு வண்ணத்தாள் வாங்கவே வேண்டாம். ஒரு பக்கம் அச்சடிச்ச ஏ4 தாள் போதும். தாளோட ஒரு மூலையை எதிர்ப்பக்க நீள விளிம்புக்குக் கொண்டுவந்து மடிச்சா முக்கோணம் வரும், மீதி ஒரு பட்டை நிக்கும். பட்டையைக் கிழிச்சா 21 செ.மீ. சதுரம் தயார். அந்தப் பட்டை 8.7 செ.மீ. அகலம். நீளவாக்குல ரெண்டா வெட்டினா ரெண்டு புத்தகக்குறி. முதல் நாளே அந்தக் குறியில பிள்ளை பேரை எழுதி, எடுத்துப் போற புத்தகத்துக்குள்ள வெச்சு அனுப்பணும். பக்க மூலையை மடிக்கற பழக்கம் பாதியாவது குறையும்.

அப்புறம் ஒரு நாள் கிழிஞ்ச புத்தகம் ஒட்டற பட்டறை வைக்கலாமா?

பேரேடு
தைக்கலாம். ஒட்ட வேண்டாம்.

பைண்டிங் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம். பூச்சி வராது என்பதற்காக. அது நஞ்சு, விரலை வாயில் வைக்கிற பிள்ளைகள் கையில் படக்கூடாது. செல்லோடேப் அதைவிட மோசம். சில வருடத்தில் டேப் உரிந்துபோகும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும், அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

மெல்லிய படக்கதைகள் பாழாவது நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின்களால்தான். ஈரக்காற்றில் பின் துருப்பிடிக்கும், துருவைச் சுற்றித் தாள் இற்றுப்போகும், நடுத்தாள் முதலில் கழன்று வரும். பெரியவர் ஒருவர் பின்னைப் பிடுங்கி, நடு மடிப்பில் சம இடைவெளியில் மூன்று துளை போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் 10 வயதுப் பிள்ளை தைத்துவிடும். மெழுகு தேய்த்த பருத்தி நூலை உள்பக்கமிருந்து நடுத்துளை வழியே வெளியே எடு, மேல்துளையில் உள்ளே விடு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடு, மறுபடி நடுத்துளையில் உள்ளே விடு. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். உள்ளே ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். இரண்டு முனையும் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு நீள நூலைப் பிடிக்காது, தையல் தளர்ந்துவிடும். பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் இதுதான்.

அட்டைப்பெட்டி
தையல் எல்லாம் எதுக்கு சார்? முகாமோட சேர்த்துப் புத்தக நன்கொடை இயக்கம் நடத்துங்க. ஒரு வேன் புத்தகம் வந்துடும்.

பேரேடு
வரும். முக்கால்வாசி பழைய பாடத்திட்ட கைடாக வரும். தம்பி, நூல் சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு முத்திரை குத்திவிட்டால் அது நூலகச் சொத்து. பிறகு கழிக்க வேண்டுமென்றால் பட்டியல் எடுத்து, மேலிடத்தில் அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான். அதுவரை ரேக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நன்கொடை வாங்குவதென்றால் முத்திரை குத்துவதற்கு முன்னால் வாசலிலேயே பிரித்து, வேண்டாததைக் கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். கொடுத்தவருக்கு முகம் கோணும். பரவாயில்லை.

பழுப்புப் பக்கம்
கதை, தையல், நன்கொடை எல்லாம் பேசியாயிற்று. முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: புத்தகம் வீட்டுக்குப் போகுமா? நூலகவியலுக்கு விதி வகுத்த ரங்கநாதனின் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். 1931இல் எழுதிவிட்டார். முகாமில் பிள்ளைகள் ரேக் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கைதட்டுவது பயன்பாடு இல்லை. கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம், அதோடு சரி.

கதைக்கார அக்கா
ரங்கநாதனை இழுக்காம நூலக விவாதமே நடக்காதா அண்ணே? சரி, அவர் வழிக்கே வர்றேன். உறுப்பினர் சேர்க்கையை முகாமோட முதல் நாள் வெச்சுக்கலாம். அன்னிக்கே ஆளுக்கு ஒரு புத்தகம்.

பேரேடு
முதல் நாள் வேண்டாம். படிவம், பெற்றோர் கையெழுத்து, முகவரிச் சான்று, வைப்புத்தொகை, ரசீது என்று ஒரு பிள்ளைக்கு 5 நிமிடம் ஆகும். 20 பேருக்கு 100 நிமிடம். உங்கள் முழு அமர்வும் போய் மேலும் 25 நிமிடம் கடன். பாதிப் பெற்றோர் சான்றை வீட்டில் மறந்திருப்பார்கள். ஒரு வாரம் முன்னதாகவே படிவத்தை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. 15 நாள் தவணை என்றால் வியாழனன்று கொடுத்த நூல் எல்லாம் வெள்ளிக்கிழமைதான் திரும்ப வேண்டும். பிள்ளை சரியான தேதிக்கு வரும், கதவு பூட்டியிருக்கும். அடுத்து அப்பாவுக்கு ஓய்வு கிடைத்து வருவதற்குள் தாமதக் கட்டணம் பற்றிப் பேச்சு எழும். அந்தப் பிள்ளை பிறகு வராது. வியாழன் வழங்கலுக்குத் தேதிச் சீட்டில் சனிக்கிழமை முத்திரை குத்துங்கள். அல்லது வியாழனில் முகாமே வைக்காதீர்கள்.

20 பேருக்கும் ஒரே நாளில் கொடுத்தாலும் தொல்லை, எல்லாம் ஒரே நாளில் திரும்பும். பாதிப் பேருக்குச் செவ்வாய், பாதிப் பேருக்குப் புதன்.

பழுப்புப் பக்கம்
வியாழன் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் என் நிபந்தனை இது. முகாமின் வெற்றியைக் கைதட்டலில் அளக்கக்கூடாது, வருகைப் பதிவேட்டில் ஏறிய கையெழுத்திலும் அளக்கக்கூடாது. பள்ளி திறந்த பிறகு, ஜூன் 30 அன்று வழங்கல் பதிவேட்டைத் திறப்போம். அந்த 20 பேரில் எத்தனை பேர் முகாம் முடிந்தபின் ஒரு புத்தகமாவது எடுத்திருக்கிறார்கள்? 5க்குக் கீழே என்றால் அடுத்த வருடம் கிடையாது.

கதைக்கார அக்கா
அது நியாயமில்லைண்ணே. புத்தகம் கிழிஞ்சா அடி விழும்னு வீட்டுக்கு எடுத்துப் போகாத பிள்ளைங்க இருக்கு. நூலகத்திலேயே உட்கார்ந்து நாலு புத்தகம் படிச்சிட்டுப் போகும். உங்க பதிவேட்டுல அந்தப் பிள்ளை பூஜ்யம்.

பேரேடு
அதற்கும் கணக்கு எடுக்கலாம். படித்த நூலைப் பிள்ளைகள் ரேக்கில் திருப்பி வைக்க வேண்டாம், "படித்ததை இங்கே வையுங்கள்" என்று ஒரு மேசை போடுங்கள். இடம் மாறி வைத்த நூல் தொலைந்த நூல் மாதிரிதான், அடுத்து கேட்பவருக்குக் கிடைக்காது. சாயங்காலம் மேசையில் கிடக்கிறதை எண்ணிக் குறித்துக்கொண்டு, எண் பார்த்து ரேக்கில் ஏற்றுங்கள். வழங்கல் ஒரு பத்தி, மேசை எண்ணிக்கை ஒரு பத்தி. இரண்டையும் ஜூன் 30இல் பார்க்கலாம்.

பழுப்புப் பக்கம்
மேசை எண்ணிக்கையில் புரட்டிவிட்டுப் போட்டதும் சேருமே. இருந்தாலும் சரி, இரண்டு பத்தி. மேஜிக் மட்டும் வேண்டாம்.

கதைக்கார அக்கா
மேஜிக் முதல் நாள் மட்டும் இருக்கட்டும். அது இல்லேன்னா 20 பேர் எப்படி வருவாங்க?

குரூப்4 கனவு
மாதிரித் தேர்வை 12 மணிக்கு மாத்திக்கறோம். சதுரங்கத்தையும் வராண்டாவுக்கே கொண்டு போயிடுங்க. காயை அடிச்சு வைக்கற சத்தம் கர்ஜனையை விட மோசம். ஆமா, வராண்டாவுல ஃபேன் இருக்கா?

பேரேடு
ஃபேனுக்குக் கொக்கி மட்டும் இருக்கும்.