லிஷு என்னும் பழைய சீன எழுத்து வடிவில் கோட்டின் வால் பிளக்கிறது, வழி சொல்லுங்கள்

சீனாவின் ஷியான் நகரில் தங்கி நாலு மாதமாகச் சீனத் தூரிகை எழுத்து பழகுகிறேன். காய்ஷு என்னும் வழக்கமான எழுத்து வடிவம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அப்புறம் இங்குள்ள ‘கல்வெட்டுக் காடு’ அருங்காட்சியகத்தில், கி.பி. 185இல் செதுக்கிய ட்சாவ் ச்சுவான் என்னும் லிஷு கல்வெட்டைப் பார்த்து மயங்கி லிஷுவுக்கு வந்தேன். அங்கேதான் சிக்கல்.

நீளமான கிடைக்கோடு பட்டுப்புழுவின் தலைபோல உருண்டு தொடங்கி, காட்டு வாத்தின் வால்போல எழும்பி முடிய வேண்டும். தலை சரியாக வருகிறது. வாலில் அழுத்தித் தூக்கும்போது மயிர் இரண்டாகப் பிரிந்து, நடுவே வெள்ளைக் கீறல் விழுகிறது.

ஆட்டு மயிர்த் தூரிகை, மையை உறிஞ்சும் பதப்படுத்தாத ஷுவான் தாள், பாட்டில் மை. மையில் தண்ணீர் கலந்தேன். கசிந்து வால் வீங்கியது. கெட்டி மயிருக்கு மாறினேன். பிளவு குறைந்தது, ஆனால் கோட்டின் கனமே போய்விட்டது.

ஆட்டு மயிரிலேயே, வாலைத் தூக்கும் முன் முனையை எப்படி ஒன்றுசேர்ப்பது?