யூஜீன் நகர மையத்தின் பிராட்வே தெருவை மீண்டும் காருக்குத் திறந்தது சரிதானா?

ஓரிகன்வாசி:
வேறோர் இழையில் தெருப்பித்தன் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்: "காரை விரட்டிய ஊர் கடையையும் இழக்கும், அமெரிக்காவின் யூஜீன் நகரமே சாட்சி." ஓரிகன் மாநிலத்தின் அந்த ஊரில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நகர மையத்தில் காரைத் தடுத்து உருவாக்கிய மால் 1971 இல் வந்தது. வில்லமெட் ஆற்றுக்கு அக்கரையில், சுற்றிலும் கார் நிறுத்துமிடமாகவே பரந்து கிடக்கும் வேலி ரிவர் சென்டர் என்ற மால் அதற்கும் முன்பே 1969 இல் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால், நகர மையத்தின் வியாபாரத்தைக் கொண்டுபோனது எது என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும்.

தெருப்பித்தன்:
ஒன்பது ஆண்டுக் குடியிருப்பைப் பட்டயம்போல் நீட்டுவது நண்பருக்குப் பழக்கமாகிவிட்டது. 1969 இல் நோயாளிக்குக் காய்ச்சல் கண்டது என்றே வைத்துக்கொள்வோம். 1971 இல் அவருடைய சோற்றையும் நிறுத்தியவர் யார்? அக்கரையில் வாசல்வரை காரில் போகலாம் என்றிருக்கும்போது, இக்கரையில் இருந்த வழியையும் அடைத்தது எந்த ஊர் மதியூகம்? யூஜீன் மக்களே 1990களில் ஒவ்வொரு தெருவாகத் திறந்துகொண்டு வந்து, 2001 இல் வாக்களித்துப் பிராட்வேயையும் திறக்கவைத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?

மழைக்காலம்:
இருவரும் எதற்கெடுத்தாலும் "மால்" என்கிறீர்கள். கார் போகாத நடைவீதியும் மால், கூரை போட்ட கடை வளாகமும் மால் என்றால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவது? முதலில் சொல்லை வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே.

ஓரிகன்வாசி:
வரையறை இருக்கட்டும். 1969, 1971க்கு முந்தியதா இல்லையா? இந்த ஒரே கேள்விக்குத்தான் விடை கேட்கிறேன். காய்ச்சல், சோறு என்று உவமை சொல்வது விடையாகாது. 1960களின் பிற்பகுதியில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் மையத்தின் பழைய கட்டடங்கள் பலவற்றை இடித்துத் தள்ளியதையும் தெருப்பித்தன் வசதியாக மறந்துவிட்டார். கட்டடத்தை இடித்தார்கள், கடைகள் அக்கரைக்குப் போயின. பழி மட்டும் நடந்து போனவன் தலையில் விழுந்தது.

கணக்குப்பிள்ளை:
யூஜீன் ஒன்றை மட்டும் பார்ப்பானேன்? நாட்டின் முதல் நடைவீதிக்குப் பெயர் பெற்ற மிச்சிகனின் கலமசூ நகரம், 1959 இல் அடைத்த தெருவின் ஒரு பகுதியை 1998 இல் காருக்குத் திறந்தது. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979 இல் அடைபட்டு 1996 இல் திறந்தது. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஃபுல்டன் மால் என்ற நடைவீதி 1964 முதல் தாக்குப்பிடித்து 2017 இல் மீண்டும் சாலையாயிற்று. இத்தனை ஊர்களும் ஒரே தவற்றைச் செய்து, ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

ஓரிகன்வாசி:
ஸ்டேட் தெருவில் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதை நடைவீதிக் கணக்கில் சேர்ப்பவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் யாரோ! கொலராடோவின் போல்டரில் 1977 இல் வந்த பெர்ல் தெரு இன்றும் கார் இல்லாமல்தான் செழித்திருக்கிறது. வெர்மான்ட்டின் பர்லிங்டனில் 1981 இல் வந்த சர்ச் தெருவும் அப்படியே. போல்டரும் பல்கலைக்கழக ஊர், யூஜீனும் பல்கலைக்கழக ஊர். கார் இல்லாததுதான் கொலையாளி என்றால், அந்தக் கொலையாளி போல்டரில் மட்டும் விடுப்பில் இருந்தானா?

கணக்குப்பிள்ளை:
என் பெயரை இழுக்க வேண்டாம். சென்ற ஆண்டு ரயில் பாதை விவாதத்திலும் எண்களுக்கு விடை இல்லாதபோது நீங்கள் ஆளைத்தான் பிடித்தீர்கள்.

தெருப்பித்தன்:
அவருக்கு அது கைவந்த கலை. நான் வேறொன்று கேட்கிறேன். நகர மன்றம் எதற்கு இருக்கிறது? ஒரு தெருவில் கார் போகலாமா கூடாதா என்பதைக்கூடத் தீர்மானிக்கத் துணிவில்லாமல் மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, கடைசியில் வாக்குச்சீட்டில் போட்டு மக்கள் தலையில் கட்டுவதா நிர்வாகம்? திறந்தது சரி, திறந்த விதம்தான் கோழைத்தனம்.

ஓரிகன்வாசி:
மேலே "மக்களே வாக்களித்துத் திறந்தார்கள்" என்று மார்தட்டியவரும் இவரே, இங்கே மக்களிடம் விட்டது கோழைத்தனம் என்பவரும் இவரே. சட்டங்களை மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் முறையை 1902 இலேயே ஏற்றுக்கொண்ட மாநிலம் ஓரிகன். அங்கே இது கோழைத்தனமல்ல, ஊர் வழக்கம். 2002 இல் பிராட்வே திறந்ததே, மறுநாளே கடைகள் வரிசை கட்டி வந்துவிட்டனவா? நகர மையத்தில் பழைய சியர்ஸ் கடை இருந்த இடம் ஆண்டுக்கணக்கில் வெறும் குழியாகக் கிடந்தது. மழைக்காலத்தில் அதில் தேங்கிய தண்ணீரை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் 2013 இல் அங்கே குடியேறியது சமுதாயக் கல்லூரி ஒன்று. காரில் வந்திறங்கும் வாடிக்கையாளருக்காகக் காத்திருந்த பெரிய கடை எதுவும் அல்ல.

தெருப்பித்தன்:
முப்பது ஆண்டு அடைத்துவைத்த தெரு மூன்று மாதத்தில் பிழைக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது வேடிக்கை. 2007 இல் மையத்தைச் சீரமைக்க நிதி வரம்பை உயர்த்தும் முன்மொழிவு வந்தபோது அதைத் தோற்கடித்தவர்களும் உங்கள் யூஜீன் வாக்காளர்கள்தாமே? குழிக்குப் பொறுப்பு கார் அல்ல.

மழைக்காலம்:
நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. 1969 இல் வந்தது எந்த வகை மால், 1971 இல் வந்தது எந்த வகை மால் என்று ஒருவராவது...

கணக்குப்பிள்ளை:
பெயரிலேயே வேலி போட்டுக்கொண்டது அக்கரை மால். தெருவுக்கு வேலி போட்டது இக்கரை மால். போதுமா?

ஓரிகன்வாசி:
சிலேடை நன்று. ஆனால் பார்க்கிறேன், 1969ஐப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தெருப்பித்தன்:
நீங்கள் 1971க்கு விடை சொன்ன மறுகணமே திறக்கிறேன்.